இடது கையால் எழுதியவன்

15-8-93, ஞாயிறு

நேற்று அங்கே இருந்தவர்கள்: திரைக்கு முன்னால் நாற்காலியில் இன்ஜினியர் ராகவன் சார், அவர் வூட்டம்மா சகுந்தலா, ராமானுஜம் சார், இன்னும் ஆபீஸ்காரர் குடும்பங்கள், மொத்தம் முப்பத்தி ஆறு தலை. படம் காட்டுற மிஷினுக்குப் பக்கத்தில் படக் கழகத்து செக்ரட்டரி அருணகிரி. திரைக்குப் பின்னால் மணலில் நான், என் தங்கச்சி சம்பூர்ணம், என் மகன் ராமதாஸ், என் மடியில் தூங்கிக்கொண்டு அவன் பொண்ணு பிரிசில்லா. வேறு யாரும் இல்லை.

மறந்துவிடுவேன் என்று எழுதவில்லை. நான் மறக்கிறவள் இல்லை. நாளை மறுநாள் விசாரணையாம். அதற்குள் யாராவது வந்து என் வாயில் வேறு வார்த்தையைப் போட்டுவிடக் கூடாது, அதற்காக எழுதுகிறேன். டைரி சகுந்தலா அம்மா பொங்கலுக்குக் கொடுத்தது. ஏழு மாசமாய் சும்மா கிடந்தது.

நடந்தது இதுதான். மாசம் ஒரு சனிக்கிழமை கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற திடலில் கடலோரப் படக் கழகத்துக்காரர்கள் படம் போடுவார்கள். டீ போடுவதும் டம்ளர் கழுவுவதும் நானும் சம்பூர்ணமும். சம்பூர்ணம் சேர்ந்து மூணு வாரம்தான் ஆகிறது. மிஷின் ஓட்டுவது ராமதாஸ். நாற்காலி எல்லாம் அவங்களுக்கு. நாங்கள் வேலை முடிந்தால் துணிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வோம். துணி மெல்லிசு, பின்னாலேயும் படம் நன்றாகத் தெரியும். காற்றுக்குத் துணி ஆடினால் ஆள்கள் வயிறு உப்பித் தெரிவார்கள், அவ்வளவுதான்.

நேற்று போட்டது பழைய இங்கிலீஷ் படம், கறுப்பு வெள்ளை. ராகவன் சார் ஒரு மாசமாய் அதையே பேசிக்கொண்டிருந்தார். காலேஜில் படிக்கும்போது பார்த்த படமாம். முப்பது வருஷமாய் அலுக்கவில்லையாம். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கதை புரிந்தது. பியானோ ரிப்பேர் பண்ணுகிற ஏழைப் பையன் ஒரு பெரிய வூட்டுக்கு வருகிறான். அன்றைக்குப் பார்த்து அந்த வூட்டில் மாப்பிள்ளை வருவதாக இருந்தது. இவன்தான் மாப்பிள்ளை என்று நினைத்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். அவனுக்குப் பசி. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பொண்ணுக்கு மட்டும் அவன் பையைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது, பைக்குள்ளே சுத்தியலும் கம்பியும். அவள் யாருக்கும் சொல்லவில்லை. அவன் தட்டில் இன்னும் ரெண்டு கரண்டி வைக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது. அவள் பேசவே வேண்டாம், புருவமே பேசுகிறது.

ரெண்டாவது ரீல் மாட்டிவிட்டு ராமதாஸ் எங்களிடம் வந்தான். "அருணகிரி சார் பாத்துக்கறேன்னாரு, நீ போயி சாப்ட்டு வான்னாரு"ன்னான். சம்பூர்ணம் அவனுக்கு இட்லி எடுத்து வைத்தாள். நாலாவது இட்லி கையில் இருக்கும்போது தடார் என்று சத்தம். திரை இருட்டு. திடலில் இருந்த லைட்டும் போச்சு. இவன் எழுந்து ஓடினான். லைட் வந்தபோது மிஷின் கீழே உடைந்து கிடக்குது, என் மகன் மண்டி போட்டுக் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருக்கிறான். அருணகிரி ரெண்டடி தள்ளி நின்றுகொண்டு, "குடிச்சிட்டு மோதிட்டான் சார்"ன்னு சொல்றான்.

ராமதாஸ் முன்னே குடிப்பான். பிரிசில்லா அம்மா செத்தப்புறம் ரொம்பக் குடித்தான். போன ஈஸ்டருக்குப் பிறகு சொட்டு தொடவில்லை. அது எனக்குத் தெரியும். ஆண்டவருக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?

16-8-93

சம்பூர்ணத்திடம் சொல்லிவைத்தேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லு, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். சரிக்கா என்றாள்.

அடுத்த மாசம் ராகவன் சார் ஆபீஸில் ராமதாசுக்கு ஹெல்பர் வேலைக்கு எழுதித் தருவதாக இருந்தார். அதுவும் போய்விடுமோ?

17-8-93, செவ்வாய்

எழுதுகிறேன், கோபத்தில்.

மண்டபத்தில் நீள மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் விழும்போது ராமதாஸ் என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்றேன். ராகவன் சார் தன்மையாகத்தான் கேட்டார். "பாப்பாம்மா, சரியா அந்த நேரத்துல திரையில என்ன ஓடிட்டு இருந்தது?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பையன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கடுதாசி எழுத உட்காருகிறான். எழுதுகிறான், கிழிக்கிறான். மூக்கில் மை பூசிக்கொள்கிறான். பின்னால் அவள் நின்று படித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. எல்லாரும் தலையாட்டினார்கள். சகுந்தலா அம்மா சிரித்தே விட்டாள், அந்தக் கட்டம் அவளுக்கு அவ்வளவு பிடிக்குமாம். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எடது கையால எழுதுவான் சார், அதான் மையெல்லாம் ஈஷிக்கிது"ன்னேன்.

அருணகிரி, "எடது கையா?"ன்னான்.

ராகவன் சார் முகம் மாறிப்போச்சு. "நான் இந்தப் படத்தப் பதினாலு தடவ பாத்திருக்கேன் பாப்பாம்மா. அவன் வலது கைக்காரன்"ன்னார். ராமானுஜம் சாரும் ஆமாம் என்றார். சகுந்தலா அம்மாவும். இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் படம் மனப்பாடம். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"டீ அடுப்பாண்ட இருந்துட்டு, யாரோ சொன்ன கதைய வந்து ஒப்பிக்குது. பெத்த மனசு, என்ன பண்ணும்"னான் அருணகிரி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்தான்.

அப்புறம் சம்பூர்ணத்தைக் கூப்பிட்டார்கள். நீ என்னம்மா பார்த்தே?

"நான் தூங்கிட்டேன் சார்"ன்னா.

எடது கைதான். எடது கைதான். எடது கைதான். என் கண்ணால் பார்த்தேன்.

18-8-93

மிஷின் ஓட்டுகிற வேலையிலிருந்து ராமதாசை எடுத்துவிட்டார்கள். ஹெல்பர் வேலை பேச்சும் இல்லை. சகுந்தலா அம்மா வூட்டு வேலையை நான் விட்டுவிட்டேன். வாசலில் நின்றபடி சாவியைக் கொடுத்தேன். உள்ளே போகவில்லை.

சம்பூர்ணத்தைக் கேட்டேன், நிஜமாவே தூங்கினியா? "காலைல நாலு மணிக்கு எழுந்தவ அக்கா, கண்ணு சொக்கிடுச்சி"ன்னாள். இட்லி எடுத்துக் கொடுத்தவள் எப்போது தூங்கினாள்? கொடுத்த பிறகு தூங்கியிருக்கலாம். தங்கச்சி சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

22-8-93, ஞாயிறு

போய்விட்டான். விசாகப்பட்டினத்தில் துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

போகும்போது என்னோடு சண்டை. "உன்ன யாரு எடது கைன்னு சொல்லச் சொன்னது? கூட இருந்தான்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிகினு இருந்தா இன்னா? ஒனக்கு எல்லாம் ஞாபகம் கீதுன்னு காட்டணும், இல்ல? அந்த ஞாபகம்தான் என்னெக் கெடுத்துச்சி."

"நீயும்தானே அங்க இருந்த, நீ பாக்கலியா?"ன்னேன்.

"நான் தட்டப் பாத்துகினு இருந்தேம்மா."

குழந்தைக்கு ஆறு வயசு. பஸ் ஸ்டாண்டில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.

25-12-93

மணியார்டர் வந்தது. கடுதாசி இல்லை. சபையில் எல்லாரும் கேட்கிறார்கள், பையன் வரவில்லையா என்று. வேலை அதிகம் என்றேன்.

நானே சில நேரம் நினைக்கிறேன், வலது கையாக இருக்குமோ? கண்ணை மூடினால் இடது கைதான் தெரியுது. அப்படின்னா என் கண்ணு கெட்டதா, மனசு கெட்டதா? பதினாலு தடவ பார்த்த மனுசன் பொய் சொல்லுவாரா?

3-3-96

பிரிசில்லாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்து வேண்டுமாம். நான் போட்டேன். வாத்தியார் வாங்கி வைத்துக்கொண்டார்.

11-7-99

அருணகிரி மாரடைப்பில் போய்விட்டான். போனேன். ஓரமாய் நின்று பார்த்தேன். காப்பி கொடுத்தார்கள், வாங்கவில்லை. சம்பூர்ணம் அழுதாள். அவன்தான் அவளுக்கு ஆபீஸ் கேன்டீனில் வேலை வாங்கிக் கொடுத்தவன். தொண்ணூத்தி மூணு செப்டம்பரில். அழ வேண்டியவள்தான்.

8-6-2003, ஞாயிறு

நாலு வருஷம் கழித்து இந்த டைரியைத் தேடி எடுத்தேன். இன்றைக்கு எழுதாமல் முடியாது. நிதானமாய் எழுத வேண்டும்.

மத்தியானம் ரெண்டரை மணி. வூட்டில் நான், பிரிசில்லா, முருங்கைக்கீரை ஆய வந்த சம்பூர்ணம். பிரிசில்லா டிவியைத் திருப்பிக்கொண்டே வந்தவள், "ஆயா, நீ திட்டினே இருப்பியே அந்தப் பியானோ படம், அதானே இது?"ன்னா.

அணைச்சிடுன்னேன். பத்து வருஷமாய்த் திட்டுவதற்குத் தவிர அந்தப் பேரை எடுக்காதவள் நான். "கொஞ்ச நேரம் ஆயா, நல்லா கீது"ன்னு அவள் கெஞ்சினாள். பதினாறு வயசுப் பொண்ணு, செல் போன் கேட்கிற காலத்துப் பொண்ணு, கறுப்பு வெள்ளையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் பையன் சூப்பு குடிக்கத் தெரியாமல் முழிக்கிறான், அவள் தன் கரண்டியை மெதுவாய்த் தூக்கிக் காட்டிக்கொடுக்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். எப்போது திரும்பிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. என் வாயும் சிரிக்குது. வெட்கமாய் இருந்தது. இத்தனை வருஷம் எதிரியாய் வைத்திருந்த படம். அதுபாட்டுக்கு அப்படியே இருக்குது, ஒரு முடி நரைக்கவில்லை. பசியோடு பொய் சொன்னவனை அவள் அன்றைக்கும் கேவலப்படுத்தவில்லை, இன்றைக்கும் கேவலப்படுத்தவில்லை. அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்போல.

சம்பூர்ணம் என்னைவிட அதிகமாய்ச் சிரித்தாள். கீரை மடியில் அப்படியே கிடக்குது. பையன் மேசையில் வந்து உட்கார்ந்தான். "இப்பப் பாரேன் பிரிசில்லா, மூக்குல மை பூசிக்குவான்"ன்னாள்.

பூசிக்கொண்டான்.

"பின்னால வந்து நிப்பா பாரு அவ."

வந்து நின்றாள்.

"அய்ய, இன்னாடி வலது கைல எழுதறான், அன்னிக்கி எடது—"

நிறுத்திவிட்டாள். பிரிசில்லா சிரித்துக்கொண்டே இருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் படம் இந்த ஊரில் ஒரே ஒரு நாள்தான் போட்டார்கள். அதுவும் அந்தக் கடுதாசியோடு நின்றுபோச்சு. சம்பூர்ணம் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

"நீ தூங்கிட்ட, இல்ல?"ன்னேன்.

கீரையை முறத்தில் கொட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனாள்.

அதே நாள், சாயந்திரம்

ரெண்டு பேர் பார்த்திருக்கிறோம். ரெண்டு பேரும் இடது கை. டிவியில் வலது கை. எப்படி? பிரிசில்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பன் ஏன் போனான் என்பதை முதல் தடவையாய் முழுசாகச் சொன்னேன். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆயா, நீங்க எந்தப் பக்கம் உக்காந்து பாத்தீங்க?"

வடை கட்டிவந்த எண்ணெய்க் காகிதத்தை எடுத்தாள். அதில் பேனாவால் ஒரு ஆள் போட்டாள், ஒரு கையில் பேனாவோடு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வலது கை. திருப்பிப் பிடித்தாள்.

இடது கை.

"பின்னாலேர்ந்து பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும் ஆயா. இங்கிலீஷ் எழுத்துகூட இடம் வலமாத் திரும்பியிருக்கும். உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, அதான் தெரியல."

திரைக்கு முன்பக்கம் இருந்த டீ அடுப்பிலிருந்து பார்த்திருந்தால் வலது கை தெரிந்திருக்கும். யாராவது சொல்லிக் கேட்டிருந்தாலும் வலது கை என்றுதான் சொல்லியிருப்பேன். இடது கை என்று சொன்னதால்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று ஆகுது. என் வாயில் வந்த சாட்சி அது. அதை வைத்தே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த முப்பத்தி ஆறு பேரில் ஒருத்தர்கூட ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததில்லை.

10-6-2003

சம்பூர்ணம் வந்தாள். செருப்புக்காக வந்தவள் மாதிரி நின்றாள்.

"அப்போ புருசன் செத்து மூணு மாசம் அக்கா. மூணு வாரம்தான் வேலைக்குச் சேந்து. விசாரணைக்கு மொத நாளே அருணகிரி வந்து சொல்லிட்டான், நீ தூங்கிட்டேன்னு சொன்னா போதும், கேன்டீன்ல போட்டுத் தரேன்னு. நானும் எடது கைன்னு சொல்லியிருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்? ரெண்டு பேரையும் சேத்துச் சிரிச்சிருப்பாங்க."

அவள் சொல்வது நிஜம்தான். அதுதான் எரிச்சல்.

"சிரிச்சிருந்தா சேந்து சிரிப்பு வாங்கியிருப்போம்டி"ன்னேன். "பத்து வருசம் நான் என் கண்ணையே நம்பாம கெடந்தேன். நீ பக்கத்து வூட்ல இருந்துகினு தெனம் கொழம்பு வாங்கிப் போன."

செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

14-6-2003, சனி

கேளம்பாக்கத்துக்குப் பஸ்ஸில் போனோம், நானும் பிரிசில்லாவும். ராகவன் சார் ரிட்டயர் ஆகி அங்கே மூணாவது மாடியில் இருக்கிறார். தலை முழுக்க வெளுப்பு. சகுந்தலா அம்மா, "வா பாப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா"ன்னாள். நான் உட்காரவில்லை.

பிரிசில்லா எண்ணெய்க் காகிதத்தை ஜன்னலில் பிடித்தாள். அப்புறம் திருப்பினாள், அவ்வளவுதான்.

சார் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இன்ஜினியர்னு பேரு எனக்கு"ன்னார். காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "அந்தப் பக்கம் நீங்கள்லாம் உட்காருவீங்கன்னு தெரியும். அங்கேருந்து படம் எப்படித் தெரியும்னு யோசிச்சதே இல்ல"ன்னார்.

சகுந்தலா அம்மா அழுதாள். மன்னிச்சிடு பாப்பான்னாள். அது எனக்கு எதற்கு? "எங்கிட்ட சொல்லாதீங்க. எம்புள்ளைக்குச் சொல்லுங்க"ன்னேன்.

பிரிசில்லா நம்பர் எழுதிக் கொண்டுவந்திருந்தாள், அவன் இருக்கிற தெருவில் கடை போன். ஆளைக் கூப்பிட்டு வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் நாலு பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். எடுப்பானா? என் பேரைக் கேட்டால் வைத்துவிடுவானா?

சார்தான் பேசினார். சுற்றிவளைக்கவில்லை. "ராமதாஸ், நான் ராகவன். உங்கம்மா சொன்னதுதான் உண்மை. தப்பு எங்க பேர்ல"ன்னார். எப்படி என்று விளக்கினார், காகிதம், துணி, பின்பக்கம். அப்புறம் போனை என்னிடம் நீட்டினார்.

"எடது கைதானாம்மா?"ன்னான்.

"ஆமாடா"ன்னேன்.

"சாப்ட்டியா?"ன்னான்.

பத்து வருஷத்தில் முதல் தடவை கேட்கிறான்.

29-6-2003

வருகிறானாம். தேதி சொல்லவில்லை. பிரிசில்லா முப்பது தடவை கேட்டுவிட்டாள், அப்பாவை அப்பான்னு கூப்பிடலாமா, நாய்னான்னு கூப்பிடணுமா என்று. எனக்கும் தெரியவில்லை.

6-7-2003, ஞாயிறு

வந்துவிட்டான். தாடி நரைத்துக் கிடக்குது. தெலுங்கு கலந்து பேசுகிறான். பொண்ணைப் பார்த்து, "நீதானா?"ன்னான். அவளும், "ஆமா"ன்னாள். பிரிசில்லா தட்டில் சோறு போட்டு வைத்தாள். குனிந்து தட்டையே பார்த்துச் சாப்பிட்டான். அன்றைக்கு மாதிரியே.

பத்து மணிக்கு ராகவன் சாரும் சகுந்தலா அம்மாவும் வந்தார்கள். பாய் போட்டேன், கீழே உட்கார்ந்தார்கள். கழகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற இருபத்தி ஒரு பேருக்கும் சார் கடுதாசி எழுதிவிட்டாராம். நகல் கொண்டுவந்திருந்தார். பிரிசில்லா படித்துக் காட்டினாள். ராமதாஸ் அதை வாங்கி நாலாய் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காப்பி குடிங்க சார்"ன்னான். குடித்தார்.

படத்தையும் சி.டி. தட்டில் போட்டு, ஓட்டுகிற பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். எங்கள் வூட்டில் யாரும் அதன் கடைசி ரீலைப் பார்த்ததில்லை, அன்றைக்கு டிவியிலும் பாதியில் அணைத்துவிட்டோம். போட்டோம். கல்யாணத்துக்கு நிஜ மாப்பிள்ளை வந்துவிடுகிறான். கூட்டம் கூடிவிடுகிறது. பியானோக்காரன் தலைகுனிந்து நிற்கிறான். அவள் எல்லார் முன்னாலும் அவன் பையைத் திறந்து சுத்தியலை எடுத்துக் காட்டுகிறாள். எனக்கு முதல் நாளே தெரியும் என்கிறாள். சார் மெதுவாய்த் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பதினஞ்சாவது தடவை பார்க்கிறவர், அந்த வசனத்தை ரெண்டு தடவை சொன்னார். ராமதாஸ் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன் என்று எழுத வந்தேன். இல்லை. மறக்கவில்லை.

வாசலில் இன்னொரு சிரிப்பு கேட்டது. சம்பூர்ணம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாய் என்று தெரியாது.

"உள்ள வாங்க சின்னம்மா"ன்னான் ராமதாஸ்.

அவளுக்கு என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. நான் நகரவில்லை. அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் வந்து உட்கார்ந்தாள்.

அவன் விட்டுவிட்டான். நல்ல பிள்ளை, விடட்டும். அருணகிரி மண்ணுக்குள்ளே போய்விட்டான், அவனை ஆண்டவர் விசாரிப்பார். ராகவன் சார் என் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டார், அவரையும் விட்டுவிட்டேன். நாளைக்கும் குழம்பு கேட்டால் ஊற்றுவேன், காய்ச்சல் வந்தால் போய்ப் பார்ப்பேன், செத்தால் நான்தான் எடுத்துப் போட வேண்டும். மன்னிக்க மாட்டேன். என் கூடப் பிறந்த சம்பூர்ணத்தை.